முதுகில் வெடித்த வெயில்!

செல்போன் அலறியது.

தையல் மெஷினை நிறுத்தாமலேயே எடுத்துக் காதில் வைத்தான் சுடலை. தாராவியில் ஜெயராம் நடத்தும் சோலார் பை தயாரிக்கும் கார்கானாவுக்கு அவன்தான் தையல் மாஸ்டர். பையை முதுகில் மாட்டிக்கொண்டு வெயிலில் நடந்தால் போதும், உள்ளே இருக்கும் செல்போன் தானாக சார்ஜ் ஏறிவிடும்.

"சொல்லுல இசக்கி." பேசியது தம்பியின் கூட்டாளி.

"எண்ணே… சயான் ரயில்வே ஸ்டேஷன்ல நிக்கேன்… ஒந்தம்பி…"

"முத்துசெல்வத்துக்கு என்னல?"

"முதுகுல மாட்டியிருந்த பை வெடிச்சிட்டுண்ணே! பேட்டரி! ஆளு தீப்பிடிச்சு ஓடினான்… நாங்க தண்ணி ஊத்துறதுக்குள்ள… போயிட்டாம்ண்ணே!"

சுடலை மெஷினை நிறுத்தினான்.

"என்ன பைல அது?"

"ஒங்க பைதான்! 'ஆதவன்' லேபிள் போட்டிருக்கு. நேத்துதான் தாதர்ல வாங்கினான். எங்கண்ணன் தச்சதுன்னு வாறவன் போறவன்கிட்ட எல்லாம் காட்டிக்கிட்டுத் திரிஞ்சான்…"

அதற்கு மேல் சுடலை கேட்கவில்லை. தாயும் தகப்பனும் இல்லாத தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவன் அவன். பெற்ற வயிறாக இருந்தால்தான் பற்றி எரியுமா என்ன?

ரெக்ஸின் வெட்டும் கத்தியை எடுத்தான்.

மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். இரும்பு ஏணியில் ஏறினான்.

மேலே ஜெயராம் தயிர்சாதம் சாப்பிட்டுக் கொண்டிருந்தார். மாட்டுங்காவிலிருந்து டிபன் தூக்கிக்கொண்டு வரும் சாது மனுஷர். பேட்டரி, பேனல் எல்லாம் அவர் பொறுப்பு. தையல் சுடலையுடையது.

"வா சுடலை. செம்பூர் ஆர்டர் முடிஞ்சுதா?"

"என்ன பேட்டரி சார் போட்டிய?"

"இதென்னப்பா கேள்வி? ஒவ்வொண்ணும் நானே டெஸ்ட் பண்ணித்தானே…"

"எந்தம்பி கரிக்கட்டையா கெடக்கான்! ஒம்ம பை வெடிச்சு!"

கத்தி பாய்ந்தது.

ஜெயராம் விலகினார். கத்தி தோளைக் கிழித்தது. டிபன் உருண்டது. அவர் கைக்குக் கிடைத்த சோலார் பேனலைத் தூக்கிச் சுடலையின் முகத்தில் அறைந்தார். கண்ணாடி நொறுங்கி அவன் புருவத்தில் ஏறியது.

"என் பை வெடிக்காதுடா! அந்தப் பை எங்கே? ஒரு தடவை பிரிச்சுப் பாருடா!"

"பாக்கேன்! ஒம்மள அனுப்பிட்டுப் பாக்கேன்!"

இரண்டாவது குத்து வயிற்றில். மூன்றாவது கழுத்தில்… ரத்தம் பீய்ச்சி அடித்தது. தயிர்சாதம் சிவந்தது!

ஜெயராம் கையை நீட்டினார். ஏதோ சொல்ல வந்தார். சொல்லாமலேயே அடங்கினார்.

சுடலை பிணத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்தான். ஓடவில்லை. தம்பிக்கு நியாயம் செய்துவிட்டோம் என்று மனசு நிறைந்திருந்தது.

ஏணி அதிர்ந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் ஃபர்ஸானா. தாராவியில் பிறந்து வளர்ந்த மேலப்பாளையத்துக் குடும்பத்துப் பெண். சயானில் எரிந்த பையோடு, லேபிளைப் பார்த்து முதலாளியை விசாரிக்க வந்தவள்.

பிணத்தைப் பார்த்தாள். துப்பாக்கியை உருவினாள்.

"கத்தியக் கீழ போடு!"

போட்டான்.

"நாந்தான் மேடம் கொன்னேன். கள்ள பேட்டரி போட்டு எந்தம்பியக் கொன்னுட்டான்."

"இந்தப் பைதானே?"

பிளாஸ்டிக் கவருக்குள் பாதி கருகிய பை. சுடலை குனிந்தான். கிழிந்த வாய் வழியே உள்ளே தெரிந்தது…

பழைய செல்போன் பேட்டரிகள்! டேப் சுற்றி அடுக்கியிருந்தது. ஜெயராம் பேட்டரியை வைக்கும் இரும்புப் பெட்டி இல்லை. ஓரத்தில் ஒற்றைத் தையல். சுடலை எப்போதும் இரட்டைத் தையல்தான் போடுவான்.

அவன் நிமிர்ந்தான்.

"இது… எங்க பை இல்ல மேடம்."

"லேபிள்?"

தடவிப் பார்த்தான்.

"லேபிள்… எங்களுதுதான்."

"அப்ப இந்தப் பைக்கு அது எப்படிப் போச்சு?"

அது சுடலைக்குத் தெரியும். ஆர்டர் முடிந்து மிஞ்சுகிற லேபிள் மாஸ்டருக்கு. அந்தச் சந்தில் அது எழுதாத சட்டம். எந்த முதலாளியும் கண்டுகொள்வதில்லை. போன மாசம் மிஞ்சிய லேபிள் கட்டு ஒன்றை, பின் சந்தில் போலிப் பை தைக்கிறவனுக்குத் தள்ளிவிட்டிருந்தான். வந்த காசில் தம்பிக்குப் புது ஷூ!

"மேடம்… நாந்தான் வித்தேன்…"

சொல்லிவிட்டு ஜெயராமின் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். அந்தக் கால் இன்னும் சூடாகத்தான் இருந்தது.

ஃபர்ஸானா பிணத்தைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். விலங்கை எடுத்தாள்.

"பேட்டரி டூப்ளிகேட்டு… தையல் டூப்ளிகேட்டு… நீ பண்ணின கொலை மட்டும் அசல் ஒரிஜினல்! கைய நீட்டு மாஸ்டர்… இதுக்கு லேபிள நாங்க ஒட்டுதோம்!"