இணைப்பறையில் ஒரு மஞ்சள் கேபிள்

நகைக்கடைக் கிளையின் காவலாளி, பெட்டக அறை வாசலில் குப்புறக் கிடந்தார்.

பின்மண்டையில் ரத்தம். மூச்சு... இல்லை!

பெட்டகம் திறந்து கிடந்தது. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை! தலைமைக் கடையிலிருந்து கம்ப்யூட்டர் உத்தரவு வந்தால்தான் திறக்கிற கதவு அது.

உத்தரவு வந்திருக்கிறது. தலைமைக் கடை அனுப்பவில்லை!

ஒரு மணி நேரத்தில் போலீஸ் ஜீப், கேபிள்காரரை அள்ளிக்கொண்டு வந்து இணைப்பறையில் இறக்கியது.

தலைமைக் கடைக்கு ஒரு நெட்வொர்க் கம்பெனி. கிளைக்கு இன்னொன்று. இரண்டின் இயந்திரங்களும் எதிரெதிரே முறைத்துக்கொண்டு நிற்கும் அறை. நடுவே கேபிள் சொருகும் கூலியாள் இவர்தான். அந்த அறையின் சாவியும் இவரிடம்தான்.

இன்ஸ்பெக்டர் அம்மாள் ஒரு மஞ்சள் கேபிளைச் சுட்டினார்.

"நகைக்கடையோட தனி லைன்ல இது வழியாத்தான் எவனோ புகுந்திருக்கான். சொருகினது யாரு?"

"நான்தான் மேடம்... காலையில போன் வந்துச்சு. கம்பெனியில இருந்துன்னாங்க..."

"நாங்க இல்ல!" தலைமைக் கடைக் கம்பெனியின் வழுக்கைத்தலை எஞ்சினியர் துள்ளினார்.

"நாங்களும் இல்ல!" என்றார் எதிர்க் கம்பெனியின் கண்ணாடிக்கார எஞ்சினியர். "காசு வாங்கிட்டு செஞ்சிருக்கான் மேடம்!"

"வீட்ல யாருய்யா இருக்கா?"

"ஒரே பொண்ணு மேடம்."

"வக்கீல் பாக்கச் சொல்லு. கொலைக் கேஸ்!"

கேபிள்காரரின் கண்கள் இயந்திரங்களின் பச்சை விளக்குகள் மேல் ஓடின... நின்றன!

"மேடம்... கேபிள் சொருகினா மட்டும் லைன் சேராது. இந்தப் பக்கம் இவரு, அந்தப் பக்கம் அவரு, அவங்கவங்க மெஷின்ல அந்த லைனுக்கு நம்பர் போடணும். வேற யாரும் போட முடியாது. ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் உசுரு வரும்!"

"யோவ், கேபிள் இழுக்கிறவனுக்கு இதெல்லாம் என்னய்யா தெரியும்?" வழுக்கை சீறினார்.

"நம்பரை மாத்திப் போட்டுட்டு இருபது வருஷமா என்னைத்தானே சார் திட்டுறீங்க... காதுல விழாதா?"

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "நீங்க ரெண்டு பேரும் பேசித்தான் நம்பர் வைப்பீங்களா?"

"இவனோட நான் பேசியே மூணு வருஷமாச்சு!"

"இவன் மூஞ்சியில எவன் முழிப்பான்!"

இரண்டு திரைகளும் திறக்கப்பட்டன.

மஞ்சள் கேபிளுக்கு இந்தப் பக்கம் 480917.

அந்தப் பக்கம்... 480917!

பதிவான நேரம் இரண்டிலும் பத்து ஐந்து.

"பேச்சுவார்த்தையே இல்லாம, ஒரே நிமிஷத்துல ஒரே ஆறு இலக்கம் எப்படிய்யா தோணுச்சு?"

வழுக்கை வேர்த்தது. "மேடம்... காவலாளியை அடிக்க ஆள் அனுப்பினது அவன்!"

"டேய் மாப்ள! திட்டமே உன்னோடதுதானேடா!"

"மாப்ளயா?" இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். ஒரே விலங்கு. ஆளுக்கொரு கை.

கேபிள்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரையும் ஒரே செல்லுல போடுங்க மேடம்... சேர்த்துவைக்க இந்தத் தடவை நான் வர வேண்டாம்!"