ஒழுகாத வீடு

சமையலறைக் குழாய் திறக்கவில்லை. இரண்டு கையாலும் திருகிப் பார்த்தாள், துணியைச் சுற்றிப் பிடித்தும் பார்த்தாள், அது அசைந்து கொடுக்கவில்லை. குளியலறைக் குழாயும் அப்படியே. எண்ணெய் பாட்டிலின் மூடியைக்கூட யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்கியிருந்தார்கள். யாரோ என்ன, வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

கணவர் பிளம்பர். "ஒழுகாத வீடும் சண்டை போடாத புருஷன் பொண்டாட்டியும் எங்கயும் கிடையாதுங்க" என்று போகிற இடமெல்லாம் சிரிக்க வைத்துவிட்டு வருவார். புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியதிலிருந்து அந்தச் சிரிப்பைக் காணோம். "கட்டியை எடுத்தாச்சு. கொஞ்ச நாளைக்குச் சிறுநீர் ஒழுகும். கோபம் வரும், அழுகை வரும். பொறுத்துக்குங்க" என்றிருந்தார் டாக்டர். பொறுத்துக்கொண்டாள். டயப்பர் வாங்கி வந்ததற்கு எரிந்து விழுந்தார். தோளைத் தொட்டதற்குக் கையைத் தட்டிவிட்டார். தனி அறையில் படுக்கையைப் போட்டுக்கொண்டார். ஆள் உயிரோடு இருக்கிறாரே, அது போதும் என்றுதான் இருந்தாள். இப்போது அந்த ஆளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

நல்ல மத்தியானம். சாத்திய அறையிலிருந்து மூத்திர வாடையும் மருந்து நெடியும் வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாடை, விரிசல் விட்ட குழாயை அடைக்க அவர் பிசைகிற சாம்பல் நிறப் பசையின் காரம், மூக்கில் ஏறியது. வேலைக்கே போகாதவர் அதை எதற்குப் பிசைகிறார் என்று அவளுக்குப் புரியவில்லை.

"என்னங்க, குழாயை ஏன் இவ்வளவு இறுக்கினீங்க?"

"சொட்டுச்சு." குரல் மட்டும் வந்தது.

"எதுவும் சொட்டலைங்க."

"உனக்குக் கேக்காது. எனக்குக் கேக்குது. இந்த வீட்டுல இனிமே ஒரு சொட்டு வெளிய வரக்கூடாது."

அதில் கோபம்கூட இல்லை, வெறும் வெறுப்புதான் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் இப்படிப் பேசியதே இல்லை. கன்னத்தில் இறங்கிய கண்ணீர் கையிலிருந்த எவர்சில்வர் தட்டில் விழுந்தது.

டொக்.

உள்ளே பிசைகிற சத்தம் நின்றது.

"அழறியா?"

"இல்லைங்க."

கட்டில் முனகியது. கதவு திறந்தது. சுவரைத் தடவிக்கொண்டு வரும் கையின் உரசல்.

திரும்பிப் பார்க்காமல் வாசலுக்கு ஓடினாள். தாழ்ப்பாளைப் பிடித்தாள். இழுத்தாள். அசையவில்லை. புதிதாக நான்கு திருகாணி. தலை தேய இறுக்கியவை.

"நானும்தான் அழுதுக்கிட்டே இருந்தேன்." மிக அருகில், முதுகுக்குப் பின்னால். "காரணமே இல்லாம. நிறுத்தவே முடியல. இப்ப நின்னுருச்சு, பாரு."

பார்த்தாள்.

இரண்டு கண்களும் இருந்த இடத்தில் சாம்பல் நிறப் பசை. காய்ந்துவிட்டது. ஓரமெல்லாம் சீராக வழித்திருந்தது, எந்த வேலையையும் அவர் முடிக்கிற அதே சுத்தம். உள்ளங்கையில் இன்னும் இரண்டு உருண்டைகள். ஈரமாக.

"அசையாம நில்லும்மா."

விரல்கள் அவள் நெற்றியைத் தொட்டன. மூக்கைத் தடவின. கன்னத்து ஈரத்தில் வந்து நின்றன.

"இங்கதான் ஒழுகுது" என்றார், வேலைக்குப் போன வீட்டில் சொல்வதைப் போல.