முறியாத மருந்து

புருசன் எலியேசரின் மூச்சில் வாடை மாறியிருந்ததை பரிபூரணம் அன்று காலைதான் கவனித்தாள். ஒன்பது நாளாகக் கட்டிலை விட்டு எழாத மனுசனுக்கு வாய் நாறுவது புதிதல்ல. ஆனால் இது நாற்றமில்லை, ஒருவித இனிப்பு. மூடிய பெட்டிக்குள் அளவுக்கு மீறிப் பழுத்த மாம்பழமும் அதனடியில் செத்த சுண்டெலியும் ஒன்றாகக் கிடந்தால் வருமே, அந்த வாடை. முகத்தைத் துடைத்துவிடக் குனிந்தவள் ஈரத்துணியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

அது முப்பத்தெட்டாம் வருசத்து ஆடி மாதம். மலையிலிருந்து இறங்கும் காற்று ராஜபாளையத்துத் தெருக்களில் செம்மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. வீட்டின் ஓடுகள் ஒன்றோடொன்று உரசிக் கொறகொறவென்றன. சன்னல் கதவைச் சாத்திக் கயிறு போட்டுக் கட்டியிருந்தும் பட்டப்பகலில் விளக்குச்சுடர் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. அந்த வெளிச்சத்தில் அவர் தோல் மஞ்சளாகத் தெரியவில்லை. மஞ்சளைத் தாண்டிப் பச்சை கலந்த ஏதோ ஒரு நிறமாக இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரிடம் இருபது வருசம் கம்பவுண்டராக இருந்தவர் எலியேசர். போன வருசம் மூட்டுவலிக்கென்று ஒரு புது மாத்திரை தகர டப்பாவில் வந்தது. முழங்காலை மடக்க முடியாமல் கிடந்தவர் தானே போட்டுப் பார்த்தார். பத்தே நாளில் சைக்கிள் மிதித்தார். அந்தச் சந்தோசத்தில், வலியென்று சொன்னவர்களுக்கெல்லாம் பொட்டலம் கட்டி, சனிக்கிழமை தோறும் வன்னியம்பட்டிக்கும் தேவதானத்துக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார். சித்திரையில் அவர் கண் மஞ்சளடித்தது. வைகாசியில் வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. வலி தாங்காமல் அபின் டிங்சரைத் தண்ணீரில் சொட்டுவிட்டுக் குடிக்க ஆரம்பித்தார். ஐந்து சொட்டு, பொறவு பத்து, பொறவு இருபது.

அவர் படுக்கையில் விழுந்ததும் டாக்டர் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, மாத்திரை டப்பாவை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். அது ஈரலை அரித்துவிட்டது என்றார். வாசல்வரை வந்து, பரிபூரணத்திடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“நாம குடுக்கிற மருந்தை முறிச்சு வெளியே தள்ளுறது ஈரல்தாம்மா. அவருக்கு அது இல்லேன்னே வச்சுக்கோங்க. நேத்து குடுத்த அபின் இன்னைக்கும் உள்ளேதான் நிக்கும். மூணு சொட்டுக்கு மேல விடாதீங்க. தூங்குறாரேன்னு நிம்மதியா இருந்துராதீங்க.”

அன்றிலிருந்து மூன்று சொட்டுத்தான் விட்டாள். பகலெல்லாம் அவர் தூங்கினார். இருட்டியதும் கண்ணைத் திறந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளை யாரென்று இரண்டு தரம் கேட்டார்.

வாடை மாறிய அன்று மத்தியானம் அவர் அலறிக்கொண்டு விழித்தார். ஊளையிடுவதுபோல நீண்டுகொண்டே போன அந்தச் சத்தம் காற்றின் சத்தத்தோடு கலந்து, எது எதுவென்று தெரியாமல் போயிற்று. மூன்று சொட்டு கொடுத்தாள். அடங்கவில்லை. விலாவைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் வில்லாக வளைந்தார். அவள் மணிக்கட்டைப் பற்றிய கை சுட்டது.

“ஏட்டி, இன்னும் விடு. ஒன்னைக் கும்பிடுதேன்.”

கல்யாணமாகிப் பதினெட்டு வருசத்தில் அவர் அவளைக் கும்பிட்டதில்லை. பரிபூரணம் புட்டியைச் சாய்த்தாள். எண்ணினாள். பத்தில் நிறுத்தவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருபது வரை எண்ணினாள்.

கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டார். முகம் தளர்ந்து, பெண்பார்க்க வந்த நாளில் இருந்ததுபோல் ஆகியிருந்தது. ஏசுவுக்கு ஸ்தோத்திரம் என்று உட்கார்ந்தாள். அப்புறந்தான் காது கொடுத்தாள்.

ஒரு மூச்சு. வெகுநேரம் கழித்து இன்னொன்று.

இமையை விலக்கிப் பார்த்தாள். மஞ்சள் வெள்ளைக்கு நடுவே கருமணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது. தோளைப் பிடித்து உலுக்கினாள். கன்னத்தில் அறைந்தாள். நேற்றுக் கொடுத்தது, முந்தாநாள் கொடுத்தது, வைகாசியிலிருந்து அவர் குடித்த ஒவ்வொரு சொட்டும் உள்ளேயே நின்று இன்றைக்காகக் காத்திருந்ததுபோல அவளுக்குத் தோன்றியது. அடுத்த வீட்டு பெத்தம்மாளைக் கூப்பிட்டு டாக்டருக்கு ஆள் அனுப்பவேண்டும். எழுந்து ஓடினாள். வாசல் கதவின் தாழ்ப்பாளை இழுத்தாள்.

வெளியே ஒருத்தி நின்றிருந்தாள்.

வன்னியம்பட்டி ஜெயபாய். முழங்கால் வலிக்கு அவரிடம் மாத்திரை வாங்கியவள். முந்தானையைத் தலையோடு போர்த்தியிருந்தாள். அவளுக்குப் பின்னால் நாலைந்து பேர் வெயிலிலேயே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். காற்று அவர்கள்மேல் மண்ணை வீசியது. யாரும் முகத்தைத் திருப்பவில்லை.

“கம்பவுண்டர் ஐயா வரச் சொன்னாவ,” என்றாள் ஜெயபாய்.

“எப்போ?”

“இன்னைக்கு விடியக்காலம். சைக்கிள்ல வந்து வாசல்ல நின்னு கூப்பிட்டாவ. மத்தியானத்துக்குள்ள வந்துருங்க, எல்லாரும் சேந்தே போயிருவோம்னாவ.”

சைக்கிள் கொல்லையில் இரண்டு சக்கரத்திலும் காற்றில்லாமல் சாய்ந்து கிடந்தது. ஆனியிலிருந்து அது நகரவில்லை.

“எங்க போறதுக்கு?” என்று கேட்க வாயெடுத்தாள் பரிபூரணம். அதற்குள் ஜெயபாய் முந்தானையை விலக்கினாள்.

கண் மஞ்சள். தரையிலிருந்து எழுந்தவர்களுக்கும் மஞ்சள். ஒருவர் பின் ஒருவராக வாசற்படி ஏறினார்கள். பரிபூரணம் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவளைத் தாண்டிப் போனார்கள். யாருடைய கால் பட்டும் தரை சத்தம் போடவில்லை.

கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

அவள் பார்த்தாள். எலியேசரின் நெஞ்சு ஏறவில்லை. இறங்கவும் இல்லை. வெகுநேரம் பார்த்தாள். விளக்கு அணைந்துவிட்டிருந்தது.

அவர் உதடு மட்டும் அசைந்தது. சனிக்கிழமை ஊர்ஊராய்ப் போய்க் கூப்பிடுவாரே, அதே குரலில், ஆள் பெயரும் ஊர்ப் பெயருமாக, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மூச்சு விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். திறந்து கிடந்த கதவு வழியே, செம்மண் புழுதிக்குள், தெருமுனையிலிருந்து இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.