சிதம்பரம் தாண்டிய நட்சத்திரம்

மாடியறையில் யூ.பி.எஸ். கத்தத் தொடங்கியபோது, வெண்மதி கூடத்துத் தரையில் உட்கார்ந்து, புயல் மழையில் ஊறிப்போன வீட்டுப் பத்திரங்களைப் பிரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

கூர்மையான ஒரு கீச். மூன்று நொடி அமைதி. மறுபடியும் ஒரு கீச்.

கரண்ட் போனால் அது அப்படித்தான் கத்தும். பள்ளிக்கூட நாள்களில் கேட்டுப் பழகிய சத்தம். ஆனால் போவதற்குக் கரண்ட் இருந்திருக்க வேண்டும். தானே புயல் அடித்துப் பன்னிரண்டு நாளாகிவிட்டது. திருப்பாதிரிப்புலியூரில் அவர்கள் தெருக் கம்பங்கள் இன்னும் சாய்ந்தே கிடந்தன. செத்த கம்பியில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். அந்தக் கம்ப்யூட்டரை வீட்டில் யாரும் தொட்டே ஆறு வருஷத்துக்கு மேல் இருக்கும்.

அவள் எழுந்து பின்கட்டுக்குப் போனாள். புயலுக்குப் பிறகு ஊரில் தண்ணீர் ஏறுவதே இப்படித்தான். குட்டியானை வண்டியில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வருவார்கள். மோட்டாரை ஓட்டித் தொட்டியை நிரப்பி, செல்போனுக்கும் சார்ஜ் ஏற்றிக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். சிங்காரம் ஜெனரேட்டரை அப்போதுதான் நிறுத்தியிருந்தார். டீசல் புகை கிணற்றடியில் தங்கி நின்றது.

"அண்ணே, மாடிக்கும் லைன் குடுத்திருக்கீங்களா?"

"மாடிக்கா? மோட்டாருக்கு மட்டும்தாம்மா நேரா இழுத்தேன். ஈரச் செவுத்துல கரண்ட வுட்டுட்டு ஒங்க வீட்டுக்காரங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

"மேல என்னமோ கத்துது."

அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். "ஒண்ணும் கேக்கலியே. ரெண்டு மணி நேரமா இந்த மெஷின் பக்கத்துல நின்னா கோயில் மணிகூட எனக்குக் கேக்காது." தொங்கும் ஒயரைக் காட்டினார். "இது இங்கியே கெடக்கட்டும். பின்னாடித் தெருவுல மூணு வீடு இருக்குது. முடிச்சிட்டு ஆறு மணிக்கா வந்து சுருட்டிக்கறேன்."

"கரண்ட் எப்பண்ணே வரும்?"

"வரும்போது வரட்டும்மா. நீ பாட்டுக்குப் பாடலீஸ்வரர்கிட்ட வேண்டிக்கீண்டிக்காத. என் பொழப்பு இப்பத்தான் ஓடுது."

வண்டி போயிற்று. மின்விசிறி இல்லை, தொலைக்காட்சி இல்லை, பக்கத்து வீட்டுக் கிரைண்டர் இல்லை. இத்தனை அமைதி அந்த வீட்டுக்கு உண்டு என்பதே அவளுக்கு இந்த இரண்டு நாளில்தான் தெரியும். அந்த அமைதியின் நடுவில், மேலே, ஒரு கீச்.

அப்பா போன பிறகு அம்மா புஷ்பவள்ளி, அண்ணன் இளவரசோடு சிதம்பரத்துக்குக் குடிபோய்விட்டாள். அண்ணனுக்கு அங்கே வங்கி வேலை. வெண்மதிக்குச் சென்னையில். புயலில் வீடு என்ன ஆயிற்று என்று பார்த்துச் சுத்தம் செய்ய அவள்தான் லீவு போட்டு வந்திருந்தாள்.

மாடிப்படியில் வேப்பிலைச் சருகு ஈரமாக ஒட்டியிருந்தது. அறைக்கதவு மழையில் ஊதிப்போய் நிலையோடு இறுகியிருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். மூன்றாவது தள்ளலில் முனகிக்கொண்டு உள்பக்கம் திறந்தது.

முதலில் வந்தது வாசனை. சூடேறிய பழைய மானிட்டரின் தூசு வாசனை. கோடை விடுமுறையின் வாசனை. ஜன்னலுக்கு வெளியே புயலில் விழுந்த மரம் கிளை கிளையாக அடைத்து நின்றதால் நாலரை மணிக்கே அறை இருண்டிருந்தது. அந்த இருட்டில் மானிட்டர் நீலமாக எரிந்துகொண்டிருந்தது.

யூ.பி.எஸ்ஸின் பிளக் சுவரில் இல்லை. ஆணியில் சுற்றித் தொங்கிக்கொண்டிருந்தது, அப்பா சுற்றி மாட்டிய அதே மாதிரி.

ஓடியிருக்க வேண்டும். ஆனால் திரையில் இருந்ததைப் பார்த்ததும் கால் தானாக முன்னே போயிற்று.

அந்த விளையாட்டு. நெல்லிக்குப்பம் ரோட்டுக் கடையில் அண்ணன் வாங்கி வந்த, பேர்கூட எழுதாத சி.டி. சண்டை கிடையாது, பந்தயம் கிடையாது, மணிக்கணக்காக எதுவுமே நடக்காது. கப்பலை ஓட்டிக்கொண்டு கறுப்புக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். தூரத்தில் ஒரு புள்ளி பெரிதாகிக்கொண்டே வரும், வெளிச்சமாகும், திடீரென்று திரை கொள்ளாத அளவுக்கு ஒரு உலகம் கீழே உருளும். முதல் தடவை இறங்கியபோது ஊதா மண்ணில் இரண்டு சூரியன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அஸ்தமித்தன. அண்ணனுக்கு அப்போது பதினேழு, அவளுக்குப் பதினாலு. கண்டுபிடித்த நட்சத்திரத்துக்கு நாமே பெயர் வைக்கலாம் என்று தெரிந்ததும் அண்ணன் சிதம்பரம் பஸ் ரூட்டையே வைத்துவிட்டான். ஓ.டி., ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர். "அப்பத்தான்டி திரும்பி வர வழி தெரியும்" என்பான். கடைசியாகச் சிதம்பரம். அதற்கப்பால் இருந்த ஒன்றுக்குப் பெயரே வைக்கவில்லை.

இரண்டு பேர் ஆட்டம் அது. ஒருவர் கப்பலுக்குள். மற்றவர் இறங்கி நடப்பார். திரும்பி ஏற, உள்ளே இருப்பவர் விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும், வெளியே இருப்பவர் கதவைத் தள்ள வேண்டும். ஒருவரால் மட்டும் ஆகாது. அதனால் வீட்டில் ஒரு சட்டம். கரண்ட் போய் யூ.பி.எஸ். கத்தினால், ஐந்து நிமிடத்துக்குள் வெளியே இருப்பவரை உள்ளே ஏற்றிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

ஒரே ஒரு நாள்தான் அவள் அதை மீறினாள். 2005 ஜூன். அவள் முறையையும் சேர்த்து ஒரு மணி நேரமாக, பெயர் வைக்காத அந்த உலகின் சாம்பல் மண்ணில் அண்ணனே நடந்துகொண்டிருந்தான். யூ.பி.எஸ். கத்தியது. "இரு, மலைக்கு அந்தாண்ட என்னமோ வெளிச்சம் தெரியுது" என்றான். கோபத்தில் அவள் அப்படியே பதிவு செய்து நிறுத்திவிட்டாள்.

மண்டையில் குட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் இருண்ட திரையையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்து, "பரவால்ல, வெண்மதி" என்றான்.

அதுவரை அவன் அவளை அந்தப் பெயரால் கூப்பிட்டதே இல்லை. சுண்டெலி என்பான்.

அதன்பிறகு அவன் அவளோடு சண்டை போடவில்லை. கத்தவில்லை, சிரிக்கவில்லை. சொன்ன வேலையைச் செய்தான், வைத்ததைச் சாப்பிட்டான். பையன் பொறுப்பாயிட்டான் என்று சொந்தக்காரர்கள் பூரித்தார்கள். அவளுக்கு மட்டும் ஒரு பைத்தியக்கார எண்ணம் அடிக்கடி வரும். அவனை அங்கேயே விட்டுவிட்டேன். அவன் திரும்பி வந்தால் போதும், எத்தனை குட்டு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.

திரையில் கப்பலின் உள்ளறை. கண்ணாடிக்கு வெளியே பெயரில்லாத அந்தச் சாம்பல் மண். கீழ் மூலையில் ஆங்கிலத்தில் சின்ன எழுத்துகள்.

வெளியே: 2410 நாள்.

காற்று: 9 நிமிடம்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கை தானாக மௌஸைத் தேடியது. பார்வையைக் கீழே இறக்கினாள்.

கப்பலைச் சுற்றிக் காலடித் தடங்கள். ஒன்றிரண்டு அல்ல. ஒன்றின் மேல் ஒன்றாக, வட்டம் வட்டமாக, செக்கு மாடு சுற்றியதைப் போல மண் தேய்ந்து பள்ளமே விழுந்திருந்தது. கதவுக்கு நேராக வந்த இடத்திலெல்லாம் தடங்கள் நின்றிருந்தன. நின்று, காத்திருந்து, மறுபடி சுற்றப் போயிருந்தன.

தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி.

நடந்து வந்தது. இடது காலைக் கொஞ்சம் இழுத்து. கண்ணாடி வழியாக இவளைப் பார்த்தது. கை தூக்கியது. பிறகு கப்பலின் பக்கவாட்டில் திரும்பி, பார்வையிலிருந்து மறைந்தது.

தட்.

சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. மேஜையில் ஸ்பீக்கரே இல்லை. சத்தம் முதுகுக்குப் பின்னால் இருந்து வந்தது.

திரும்பினாள். அவள் திறந்து வைத்துவிட்டு வந்த அறைக்கதவு மூடியிருந்தது. நிலையோடு இறுகி.

தட். தட்.

"சிங்காரண்ணே?"

மூச்சு மட்டும் கேட்டது. ஒரு பானைக்குள் வாயை வைத்து இழுப்பதைப் போல, நீளமாக, ஈரமாக. கதவின் அடியிலிருந்து குளிர் வந்து கால்விரல்களைத் தொட்டது. ஜனவரிக் குளிர் இல்லை. குழாயில் வரும் ஐஸ் தண்ணீரைப் போல, நேராக எலும்புக்குப் போகும் குளிர். அதோடு சாம்பல் தூசு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்தது.

ஜன்னலைப் பார்த்தாள். கம்பி. கம்பிக்கு அப்பால் மரம். வேறு வழி கிடையாது.

"சுண்டெலி."

உடைந்து கரகரத்த, மீசை முளைக்கும் வயதுக் குரல். ஏழு வருஷமாக அவள் கேட்காத குரல்.

"கதவு புடிச்சிகிச்சிடி. நீ இழு. நான் தள்ளறேன்."

எழுந்தாள். கைப்பிடியைப் பிடித்தாள், உள்ளங்கை அதில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சில்லிட்டிருந்தது. இழுத்தாள். வெளியே ஏதோ தோளைக் கொடுத்தது. மரம் முனகியது. ஒரு நூல் அளவு இடைவெளி. அதன் வழியாக ஒரு விரல் நுனி. உறை போட்டது. உறை கிழிந்து தொங்கியது. கிழிசலுக்குள் தெரிந்தது விரல்தானா என்று அவளால் சொல்ல முடியவில்லை. சாம்பலாக இருந்தது. காய்ந்து, எலும்போடு ஒட்டி.

செல்போன் அடித்தது.

ஒரு கையால் எடுத்தாள். அண்ணன். சிதம்பரத்திலிருந்து. அவன் தானாகக் கூப்பிடவே மாட்டான்.

"வெண்மதி." அதே அமைதியான, மரியாதையான குரல். பின்னால் எண்ணெய் பொரியும் சத்தம். அம்மா யாரிடமோ உப்பு ஜாஸ்தி என்று சொல்வது கேட்டது. "அம்மா பகோடா போடறாங்க. நான் பக்கத்துலதான் இருக்கேன்."

"அண்ணா."

"பயப்படாத. கைய எடுத்துடு."

"வெளிய... வெளிய ஒன் கொரலு."

"நான் இங்கதான இருக்கேன். கைப்பிடிய விட்டுடு. நவுந்து வந்து உக்காரு."

வெளியே மூச்சு வேகமானது. "சுண்டெலி. காத்து இல்லடி."

திரையில் எண் மாறியது. இரண்டு நிமிடம்.

"தங்கச்சி," என்றது போன். "அம்மாவ நெனச்சிப் பாரு. நீ அத உள்ள விட்டா அம்மாவுக்கு யாரு இருக்கா?"

அந்த விரல் இடைவெளியில் மெல்ல மடங்கியது. நகம் மரத்தைச் சுரண்டியது. அவள் அந்த விரலையே பார்த்தாள். ஏழு வருஷமாகப் பொய் சொல்லாத, குரல் உயர்த்தாத, மாதாமாதம் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போகும் ஒருவன் காதருகில் பேசிக்கொண்டிருந்தான்.

கைப்பிடியை விட்டாள்.

விரல் வெளியே நழுவியது, கதவு தானாகப் படாரென்று நிலையோடு போய் உட்கார்ந்தது. வெளியே ஒரு சின்ன சத்தம். அடிபட்ட சத்தம் இல்லை. ஆச்சரியப்பட்ட சத்தம்.

ஒரு நிமிடம்.

மூச்சு. நீளமாக.

மூச்சு. குட்டையாக.

நகம் மரத்தில் கீழ்நோக்கி இறங்கியது. மெதுவாக. படியில் ஏதோ சரிந்து உட்கார்ந்தது.

இன்னொரு மூச்சு வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

யூ.பி.எஸ். நின்றது. திரை அணைந்தது. அறை முழுக்க இருட்டு. அப்போதுதான், அந்த இருட்டில், ஒன்று அவளுக்கு உறைத்தது. கதவைப் பற்றியோ கைப்பிடியைப் பற்றியோ அவள் போனில் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

காதில் எண்ணெய் பொரிந்துகொண்டிருந்தது. அம்மா, "யாருடா போன்ல?" என்று கேட்டாள். அவன், ஏழு வருஷத்தில் முதல் தடவையாக, மெல்லச் சிரித்தான்.

"நல்லவேளை, வெண்மதி. நீ மட்டும் தொறந்திருந்தா, நான் ஒங்கண்ணன் ஒடம்ப விட்டுட்டு எறங்கிப் போயிருக்கணும்."