சுவருக்கு அந்தப் பக்கம் உப்பு இல்லை

ஜூலை 14, திங்கள். ஒரு சின்னத் தவறு. பரீட்சை அவசரத்தில் உப்பு வைக்க மறந்துவிட்டேன்.

டைரியில் எழுதிவிட்டு ‘சின்ன’ என்பதை அடித்தாள் ஷாலினி. அடித்தது சரியா என்று சந்தேகம் வர, அதையே மறுபடி மேலே எழுதினாள்.

தாராவியில் அவளும் அண்ணன் செல்லப்பாண்டியும் வேலை பார்த்த தோல் பட்டறையின் பின்சுவர், மழை தொடங்கியபோது விரிசல் விட்டிருந்தது. அப்பால் இருக்க வேண்டியது பக்கத்துக் கடையின் தையல் மிஷின்கள். இருந்ததோ கோரைப்புல், புகைவாடை, ஒரு கட்டடமும் இல்லாத வானம். அங்கே நடமாடியவர்களுக்குப் புருவ எலும்பு தாழ்வாரம்போல் நீண்டிருந்தது; மோவாய் இல்லை. அவள் படிக்கும் மாட்டுங்கா மாலைப்பள்ளியின் பாடப்புத்தகத்தில் அவர்கள் நியாண்டர்தால் மனிதர்கள், எப்போதோ அழிந்துபோனவர்கள். அந்த உலகத்தில் அழிந்தது நாம்தான் போலிருக்கிறது.

முதலாளி சுடலைக்கண்ணன் பயப்படவில்லை. விரிசலில் ஒரு மூட்டை உப்பு வைத்தால், மறுநாள் அங்கே தோல் இருந்தது. பல்லால் மென்று மென்று பதமாக்கிய தோல். இரு விரலுக்கு நடுவே வைத்து உருட்டிப் பார்த்து, “ஒசத்திச் சரக்கு” என்றார். யாரும் அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது என்பது மட்டும் அவர் போட்ட சட்டம்.

செவ்வாய் மாலை செல்லப்பாண்டி சட்டையைக் கழற்றிவிட்டு மூட்டையைத் தூக்கினான். தோளில் பச்சை குத்திய தேள்.

“இறாலுக்கு வலிக்கப் போவுது” என்றாள் ஷாலினி.

“ஏட்டி, தேளுன்னு எத்தன தடவ சொல்ல?”

“நாந்தான மறந்தேன். நானே வைக்கேண்ணே.”

“நீ பரீட்சைக்கு ஓடு. கோவத்துல இருப்பானுவ. உள்ள கொண்டு குடுத்துட்டு வந்துருதேன்.”

வரவில்லை.

கல்யாண் ஊருக்குப் போன சுடலைக்கண்ணன் போனை எடுக்கவில்லை. போலீசிடம் சொன்னால் சுவரை அடைத்துவிடுவார்கள். பிறகு அண்ணன் எந்த வழியாக வருவான்?

வியாழன் சாயங்காலம் கரண்ட் போயிற்று. தகரக்கூரையில் மழை இரைய, ஈர உப்பும் பச்சைத்தோலும் கலந்த வாடை தொண்டையில் ஒட்டிக்கொள்ள, இப்போது ஒரு கதவளவு அகன்றுவிட்ட விரிசலின் முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு, மழைக்கு அடியில் இன்னொரு சத்தமும் கேட்டது: நிதானமாக, ஈரமாக, பலபேர் கூடி எதையோ மெல்லும் சத்தம்.

“அண்ணே?”

மெல்லுவது நின்றது.

எதுவோ மடித்த துணிபோல அவள் காலடிக்குத் தள்ளப்பட்டது.

தொட்டாள். மிருது. இன்னும் சூடு. ஆட்டுத்தோல் இல்லை. மாட்டுத்தோலும் இல்லை.

போன் வெளிச்சத்தில் விரித்தாள்.

பல் தடங்கள். அவற்றுக்கு நடுவே, பச்சை நிறத்தில், ஒரு தேள்.

இறால் மாதிரித் தேள்.

உப்புக்குத் தோல். அவர்கள் ஏமாற்றவில்லை.

இருட்டிலிருந்து அகலமான கை ஒன்று நீண்டது. மயிரடர்ந்த கை. விரல்களில் உப்பு. அது அவள் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. மணிக்கட்டின் மேல்தோலை மட்டும் இரு விரலுக்கு நடுவே எடுத்தது. மெதுவாக உருட்டிப் பார்த்தது.

விட்டது.

பிறகு உள்ளங்கையை விரித்து நீட்டியது. அதன் பின்னால் இன்னொரு கை. இன்னொன்று.

ஜூலை 17, வியாழன். நாளை விடிந்ததும் உப்பு வைக்க வேண்டும். மறக்கக் கூடாது.