மூன்றாவது விளக்கு

மாதத்தின் முதல் செவ்வாய் வந்தால் அமலி காலை ஏழு மணிப் படகைப் பிடித்துவிடுவாள். கைப்பையில் தெளிவுமானி, கூடவே அவித்த பனங்கிழங்கு ஒரு கட்டு. தூத்துக்குடிக் கரையிலிருந்து அரை மணி நேரத்தில், கடலில் மிதக்கும் மிதவைச் சிறை. அங்கே தூக்குக் கைதி சுயம்பு தலைவாரி, சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டு, அவளுக்காகக் காத்திருப்பார்.

குற்றவாளிகளின் மனநிலையை அளந்து சொல்லும் உளவியலாளர் அமலி. அரசாங்கம் தூக்குத் தண்டனையை எடுத்துவிடவில்லை; நாகரிகமாக்கியிருந்தது, அவ்வளவுதான். யாரைக் கொன்றோம், என்ன தண்டனை, எதற்காக என்று கைதிக்குப் புரிய வேண்டும். புரியாதவரைத் தூக்கில் போடக்கூடாது. தெளிவுமானியை நெற்றியில் கட்டி மூன்று கேள்வி கேட்பார்கள். மனசார உணர்ந்தால் கேள்விக்கு ஒரு பச்சை விளக்கு. நடிப்பெல்லாம் பலிக்காது. மூன்றும் எரிந்தால் எட்டாம் நாள் கயிறு. என்ன கருணை பாருங்கள்!

சுயம்பு பதினோரு வருடத்துக்கு முன் கூடப்பிறந்த தம்பி லிங்கராசுவை உப்பளத்தில் வெட்டிக் கொன்றவர். பிறகு சிறையில் வந்த மூளைக்காய்ச்சல் அவர் நினைவைத் துடைத்துவிட்டது. லிங்கராசுவின் மனைவி மட்டும் அமலிக்கு மாதாமாதம் எழுதிக் கேட்பாள்: "அந்த ஆளுக்கு இன்னும் புத்தி தெளியலையா?" அவளையும் குறை சொல்ல முடியாது.

அமலிக்கு முன்பு வந்த இரண்டு உளவியலாளர்கள் காலத்தில் ஒரு விளக்கும் எரியவில்லை. அமலி கிழங்கு கொடுத்தாள், ஊர்க்கதை பேசினாள், அவர் உளறலைப் பொறுமையாகக் கேட்டாள். ஆறாம் மாதம் ஒரு விளக்கு எரிந்தது.

இன்று மானியைக் கட்டிவிட்டுக் கேட்டாள். "யாரக் கொன்னீங்க அண்ணாச்சி?"

"தம்பிய. லிங்கராச."

பச்சை.

"என்ன தண்டனை?"

"தூக்கு, மேடம்."

இதற்கும் பச்சை. "சரியாச் சொல்லிட்டேன்லா!" என்று சுயம்பு சிரித்தார். "நீங்க வந்து பேசிட்டுப் போனாத்தான் மண்டைக்குள்ள வெளிச்சமா இருக்கு. மாசம் பூரா சொல்லிச் சொல்லிப் பாத்தேன். நீங்க சந்தோசப்படணும்லா?"

அமலிக்கு அப்போதுதான் உறைத்தது. அடப்பாவி, ஆசையாகப் பேசிப் பேசியே இவரைத் தூக்குமேடைக்குத் தயார் செய்திருக்கிறேனே! கேட்காமல் விட வழியில்லை. பொய்யாக எழுதியும் பழக்கமில்லை.

"எதுக்காக இந்தத் தண்டனை?"

சுயம்பு கிழங்கில் நார் உரித்தபடி யோசித்தார். "அதான் பிடிபடல. அடுத்த மாசம் சொல்லிருவேன்."

விளக்கு எரியவில்லை. 'இரண்டு' என்று உள்ளபடி எழுதினாள். பிறகு மெல்லச் சொன்னாள். "அடுத்த மாசம் நான் வரமாட்டேன் அண்ணாச்சி. வேற ஆளு வருவாங்க."

சுயம்புவின் கை நின்றது. "ஏன் மேடம்? நான் எதும் தப்புப் பண்ணிட்டேனா?"

சொன்னவர் தன் கைகளையே பார்த்தார். "பண்ணிருக்கேன்... என்னமோ பெருசா..."

நெற்றியில் மூன்றாவது விளக்கு மினுக்கத் தொடங்கியது.

அமலி அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள். லிங்கராசுவின் மனைவி எழுதிய கடிதம் நெஞ்சில் குத்தியது. "இல்ல அண்ணாச்சி. நீங்க ஒரு தப்பும் பண்ணல."

அந்த அறையில் அவள் சொன்ன முதல் பொய் அது. சுயம்பு அதை அப்படியே நம்பினார். முகம் தெளிந்தது, விளக்கு அணைந்தது.

"நல்லவேளை," என்று உரித்த கிழங்கை அவளிடம் நீட்டினார். "அப்ப எதுக்கு மேடம் அழுறீங்க?"