வண்டி யாருது?

தொண்ணூற்றொன்றாம் வருஷம், தை மாசம். வெயில் ஏறுகிற காலை நேரத்தில் ஸ்ரீபெரும்புதூர் அருள்நாதனின் ஷெட்டுக்கு வாடகைக் கார் எடுக்க வந்தான் நரசிம்மன். வந்தவன் நேராக உள்ளே போகவில்லை. எதிரில் இருந்த சைக்கிள் கடையில் காற்றடிக்கக் காத்திருப்பவன் போல நின்று, தெரிந்த முகம் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அப்புறம்தான் நுழைந்தான். அவனிடம் சைக்கிளே கிடையாது.

கூச்சத்துக்குக் காரணம் இருந்தது. நரசிம்மன் ஒரு கம்பெனியில் ஷிப்டு ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் டிரைவர். மகள் நிலாவுக்கு வாலாஜாபாத்தில் வரன் வந்தபோது, 'என்ன வேலை பார்க்கிறீங்க' என்று கேட்டார்கள். 'டிரான்ஸ்போர்ட் பார்க்கிறேன்' என்றான். அதில் பொய் இல்லை. 'ஆபீசரா?' என்றார்கள். அவன் சிரித்தான். 'அப்போ கார் வெச்சிருப்பீங்க' என்றார்கள். அதற்கும் சிரித்தான். பொய் வளர்ப்பது மாடு வளர்ப்பது போல. கட்டிப்போட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது, வேளாவேளைக்குத் தீவனம் வைக்க வேண்டும். இன்றைக்கு அந்த மாடு ஓர் அம்பாஸடர் காரைக் கேட்டது. ஏனென்றால் இன்றைக்குத்தான் நிச்சயம்.

அருள்நாதன் டாக்ஸி போர்டு இல்லாத வெள்ளை வண்டி ஒன்றைத் துடைத்துக்கொண்டே கண்டிஷன்களைச் சொன்னார்.

"பெட்ரோல் உன்னுது. பஞ்சர் உன்னுது. ஆட்டை ஏத்தாதே. பலாப்பழம் ஏத்தாதே, வாசனை போறதுக்குள்ள எனக்கு உயிர் போவுது. பொழுது சாயறதுக்குள்ள வண்டி இங்க நிக்கணும்."

"சரிண்ணே."

"இன்னொண்ணு கீது." துணியைப் பிழிந்தார். "வண்டி யாருதுன்னு எவனாச்சும் கேட்டா, வாடகை வண்டின்னு சொல்லு. என்னுதுன்னு மட்டும் வாயைத் தொறந்து சொல்லிடாதே."

நரசிம்மனுக்குச் சட்டையை யாரோ நடுத்தெருவில் உருவினாற்போல இருந்தது. "நான் ஏண்ணே அப்படிச் சொல்லப் போறேன்?"

"நானே சொல்றதில்லப்பா. அதோ பாரு." முன் கண்ணாடியில் 'கர்த்தர் தந்தது' என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. "எவனாச்சும் கேட்டா மேல கையைக் காட்டிடுவேன்."

"ஏண்ணே அப்படி?"

"காரணம் கேக்கறவனுக்கு நான் வண்டி குடுக்கறதில்ல."

நரசிம்மன் சாவியை வாங்கிக்கொண்டான். முதல் திருப்பத்தில் வண்டியை நிறுத்தி, 'கர்த்தர் தந்தது' மேல் ஏழுமலையான் படம் ஒன்றை ஒட்டினான். இரண்டு சாமிகளும் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மனைவி மீனம்மாளும் நிலாவும் பின்சீட்டில் ஏறினார்கள். பூத்தட்டு நிலாவின் மடியில், பழத்தட்டு முன்சீட்டில், நரசிம்மனுக்குப் பக்கத்தில். இரண்டு பேரும் காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

ஒரகடம் ஏரிக்கரையில் வண்டி சூடாகிவிட்டது. கிளியம்மாளின் டீக்கடையில் தண்ணீர் வாங்க இறங்கினான். அங்கே மொபெட்டைச் சாய்த்து வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தது வேறு யாருமில்லை, மாப்பிள்ளையின் தாய்மாமன் சுப்பன்.

"அடடே, ஆபீசர் சார்! வண்டி ஜோரா கீதே. சொந்தமா, இல்ல கம்பெனியுதா?"

கிளியம்மாள் அவனை வேன் டிரைவராகப் பல காலமாகத் தெரிந்தவள். குவளையும் கையுமாக நின்று, இவன் என்ன சொல்லப் போகிறான் என்று பார்த்தாள். நரசிம்மன் அவள் முகத்தைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்துச் சொன்னான்.

"என்னுதுதான்."

அவன் காதுமடல் சுட்டது. ஆனால் கிளியம்மாளின் பார்வை அவன் மேல் இல்லை. அவனைத் தாண்டி, காரின் முன்சீட்டில் நின்றிருந்தது. அப்படியே தண்ணீர்க் குவளையை நீட்டினாள்.

"பத்திரமா கூட்டிகினு போப்பா" என்றாள்.

வண்டி கிளம்பியது. கிளம்பியதும் பழத்தட்டு முன்சீட்டிலிருந்து கீழே சரிந்தது. எடுத்து வைத்தான். சாலை நேராகத்தான் இருந்தது. மறுபடியும் சரிந்தது, யாரோ உட்கார இடம் வேண்டி ஒதுக்கியது போல.

"குடுங்க, மடியில வெச்சிக்கறேன்" என்று மீனம்மாள் வாங்கிக்கொண்டாள்.

வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே குளிர்ந்தது. அடிமண் கலங்கின வாசனை, பாசி வாசனை, அதற்கும் அடியில் எப்போதோ வாடிப்போன மல்லிகை.

"அப்பா, கண்ணாடியை ஏத்தி வுடுங்க. குளிருது."

கண்ணாடிகள் எல்லாம் ஏறித்தான் இருந்தன.

வாலாஜாபாத்துக்குக் கொஞ்சம் முன்னால், எதிரே சைக்கிளில் வந்த ஒருவன் கையை ஆட்டிக் கத்தினான். "சார்! சார்! முன்னாடி குந்தினு கீற அம்மா பொடவை கதவுல மாட்டிகினு ரோட்டுல இழுத்துகினு வருது சார்!"

நரசிம்மன் பிரேக் போட்டான். இறங்கிச் சுற்றி வந்து பார்த்தான்.

புடவை ஏதும் இல்லை.

கதவின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வந்த வழியெல்லாம், தார் ரோட்டில் ஈரமாக ஒரு கோடு.

"இன்னாங்க?" என்றாள் மீனம்மாள்.

"ஒண்ணுமில்ல. ரேடியேட்டர் தண்ணி."

ரேடியேட்டர் எங்கே இருக்கிறது என்று டிரைவர் பெண்டாட்டிக்குத் தெரியாதா? அவள் கேட்கவில்லை. அன்றைக்கு அவனைக் கேட்காமல் விட்ட கேள்விகளாலேயே அவனை அவள் கொன்றுகொண்டிருந்தாள்.

நிச்சயம் வைத்திருந்த சத்திரத்து வாசலில் மாப்பிள்ளையின் அம்மா கங்கம்மாள் சந்தனம் குங்குமத்தோடு வரவேற்றாள். மாப்பிள்ளை பகலவன் ஓரமாக நின்று நிலாவைப் பார்க்காதவன் போல் பார்த்தான். எல்லோரும் ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்கள். உச்சிப்பொழுது. வாசல் வேப்பமரத்து நிழல்கூட மரத்துக்குள்ளேயே சுருண்டு படுத்திருந்தது.

தட்டு மாற்றும் முன் பெரியவர் ஒருவர் வழக்கப்படி கேட்டார். "ரெண்டு பக்கமும் ஜனம் எல்லாம் வந்தாச்சா?"

"பொண்ணு வூட்டுல ஒருத்தங்க வரலியே" என்றாள் கங்கம்மாள். "கார்லியே உக்காந்துகினு கீறாங்க."

நரசிம்மன் சிரிக்கப் பார்த்தான். முகம் ஒத்துழைக்கவில்லை.

"நானும் அப்பலேர்ந்து பாக்கறேன்" என்றான் சுப்பன். "பெண்டாட்டி பின்சீட்டு, அந்தம்மா முன்சீட்டு. இன்னா சார், ஆபீசர் வண்டிக்கு ரெண்டு ஸ்டேரிங்கா?"

ஆண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. பெண்கள் பக்கம் மீனம்மாள் மெதுவாகத் தலையைத் திருப்பிக் கணவனைப் பார்த்தாள். இருபது வருஷம் கூட வாழ்ந்தவள் ஒருத்தி, முதல் தடவையாகப் பார்க்கிற பார்வை அது.

"சும்மா இருடா" என்று தம்பியை அதட்டிவிட்டுக் கங்கம்மாள் எழுந்தாள். "யாரா இருந்தா இன்னா, சுமங்கலி. வெயில்ல வுட்டுட்டு நாம தட்டு மாத்தினா வெளங்குமா?" குங்குமத் தட்டோடு காருக்குப் போனாள். குனிந்து ஏதோ பேசினாள். அதே தட்டோடு திரும்பி வந்தாள்.

"கூப்ட்டேன். வரல. கண்ணாடிக்குள்ள இருந்து பாத்துகினே கீறாங்க. தலையெல்லாம் ஈரம்." குரலைத் தாழ்த்தினாள். "யாரு சம்பந்தி அவங்க?"

நரசிம்மன் வாசல் வழியாகப் பார்த்தான்.

காலியான முன்சீட்டு. ஏழுமலையான் படம். வெயில்.

சத்திரம் முழுக்க எதைப் பார்க்கிறதோ, அது அவனுக்குத் தெரியவில்லை.

"சொல்லுங்க சார்" என்றான் சுப்பன், இப்போது சிரிக்காமல். "வண்டி உங்களுதுன்னீங்க. அப்ப உள்ள கீறது?"

நிலாவின் கையில் வளையல் ஒன்று சிணுங்கியது. அவள் நடுங்குகிறாள் என்று அப்பனுக்குத் தெரிந்தது. இந்த இடத்தில் கல்யாணம் நின்றால், எதனால் நின்றது என்று ஊர் சொல்லப்போகும் கதையும் தெரிந்தது. அவன் எழுந்து நின்று கத்தினான்.

"வண்டி என்னுது இல்ல! வாடகை வண்டி! நான் ஆபீசரும் இல்ல, வேன் ஓட்டறவன். அதுக்குள்ள யார் இருந்தாலும் எனக்குத் தெரியாது. எங்க கூட யாரும் வரல!"

பெரியவர் கையிலெடுத்த தட்டைக் கீழே வைத்தார்.

அப்புறம், டொக்.

வெளியே காரின் கண்ணாடியில். உள்பக்கமிருந்து.

டொக். டொக்.

பிறகு விரல் இல்லை, உள்ளங்கை. ஒரு கை இல்லை, இரண்டு கை. மூச்சுக்குத் தவிக்கிற ஜீவன் அறைகிற அறை. வண்டி தன் ஸ்பிரிங்குகளின் மேல் குலுங்கியது.

சத்திரத்தில் எத்தனையோ ஆம்பளைகள் இருந்தார்கள். எல்லோரும் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நரசிம்மனுக்குப் பிடிக்கத் தூண்கூடக் கிடைக்கவில்லை.

எழுந்தது நிலா. நிச்சயப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். கதவின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

கதவு திறந்தது. தண்ணீர் கொட்டியது. குடம் குடமாக, பாசியும் தாமரைத் தண்டுமாக, ஏரித் தண்ணீர். மண்ணில் ஒரு கெளுத்திக் குஞ்சு துள்ளியது.

"வண்டி யாருதா வேணா இருக்கட்டும்" என்றாள் நிலா, முன்சீட்டைப் பார்த்து. "நீங்க எங்க கூட வந்தவங்கதான். எறங்குங்க அக்கா."

அவள் கையை நீட்டினாள். நீட்டிய கை ஒரு பாரத்தில் தாழ்ந்தது. பிறகு அவள் திரும்பி நடந்து வந்தாள். அவளுடைய ஈரப் பாதங்களுக்குப் பக்கத்தில், கொஞ்சம் சின்னதாக, இன்னொரு ஜோடி பாதத் தடம் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே வந்தது.

வெளியே மொபெட் ஒன்று அவசரமாகக் கிளம்பும் சத்தம் கேட்டது. சுப்பனின் டீக்கறை படிந்த துண்டு மட்டும் ஜமக்காளத்தில் கிடந்தது.

கங்கம்மாள் வாசற்படியை விட்டு நகரவில்லை. குங்குமத்தைத் தொட்டு முதலில் நிலாவின் நெற்றியில் வைத்தாள். பிறகு பக்கத்துக் காற்றில் ஒரு நெற்றி உயரத்தில் விரலை வைத்தாள். குங்குமம் கீழே உதிரவில்லை.

"ரெண்டு பேரும் உள்ள வாங்கம்மா" என்றாள்.

தட்டு மாறியது. கிளம்பும்போது கங்கம்மாள் நரசிம்மனிடம் தனியாகச் சொன்னாள்: "பொண்ணைப் பாத்துத்தான் சரின்னேன் சம்பந்தி. உங்களைப் பாத்து இல்ல." அவன் தலையாட்டினான். அதுவும் நியாயம்தான் என்று அவனுக்கே பட்டது.

பொழுது சாய்வதற்குள் வண்டியை ஷெட்டில் விட்டான். அருள்நாதன் முன்சீட்டைத் தொட்டுப் பார்த்தார். மூக்கில் விரலை வைத்து முகர்ந்தார்.

"சொல்லிட்டியா?"

"சொன்னேண்ணே."

"அப்புறம்?"

"அப்புறம்... இல்லன்னும் சொல்லிட்டேன்."

அருள்நாதன் சிலுவை போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஒரு புருசன் பெண்டாட்டி. ஐப்பசி மழை. ஒரகடம் கரையில இதே வண்டி வழுக்கி ஏரிக்குள்ள போச்சு. அவன் நீந்திக் கரையேறிட்டான். ஜனம் கூடி, வண்டி யாருது, உள்ள யாராச்சும் கீறாங்களான்னு கேட்டாங்க. அவன் குடிச்சிருந்தான். கேஸாயிடும்னு பயம். 'என்னுது இல்ல, எனக்குத் தெரியாது, நான் குளிக்க வந்தவன்'ன்னுட்டு லாரி ஏறிப் போயிட்டான். காலி வண்டின்னு ஜனமும் கலைஞ்சுது." அவர் முன்சீட்டைப் பார்த்தார். "உள்ள அவ உயிரோட இருந்துகினு கேட்டிருப்பாப்பா. அதான். எவனாச்சும் என்னுதுன்னு சொன்னா, புருசன் வந்துட்டான்னு வந்து உக்காந்துக்குவா."

நரசிம்மன் தரையைப் பார்த்தபடி நின்றான். அந்தக் குடிகாரன் சொன்ன அதே வார்த்தைகள். சத்திரத்தில் அவனும் அதைத்தான் சொல்லியிருந்தான்: என்னுது இல்ல, எனக்குத் தெரியாது.

"வித்துடலாமேண்ணே" என்றான் கடைசியில், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"வாங்கறவன் மொதல்ல இன்னா சொல்வான்? என்னுதுன்னுதானே சொல்வான்?"

ஆனால் அதற்கப்புறம் அந்த முன்சீட்டு ஈரமாகவே இல்லை. ஒரு மாசம் பொறுத்துப் பார்த்துவிட்டு அருள்நாதன் வண்டியை நல்ல விலைக்கு விற்றார். வாங்கியவர் ஊரெல்லாம் 'என்னுது, என்னுது' என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

மாசியில் கல்யாணம் ஆயிற்று. ஆடி பிறந்ததும், ஊர் வழக்கப்படி மகளைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துவர நரசிம்மன் வாலாஜாபாத்துக்குப் போனான். பஸ்ஸில்தான் போனான். இப்போதெல்லாம் யார் கேட்டாலும் வேன் டிரைவர் என்றுதான் சொல்கிறான், கேட்காதவர்களிடமும் சொல்கிறான்.

திரும்பும் பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டு கிடைத்தது. நிலா ஜன்னலோரம். நரசிம்மன் இந்த ஓரம். இரண்டு டிக்கெட் கேட்டான்.

கண்டக்டர் எச்சில் தொட்ட விரலோடு நிமிர்ந்தார். அவர் பார்வை நரசிம்மனுக்குப் பின்னால், நடைபாதையில் நின்றது.

"ரெண்டா? அப்ப, கம்பியைப் புடிச்சிகினு நிக்கற இந்தம்மா யாரு கூட?"

பஸ்ஸில் நாலைந்து தலைகள் திரும்பின. கம்பெனி ஆட்களும் இரண்டு பேர் இருந்தார்கள். நரசிம்மனின் கழுத்து வரை சூடு ஏறியது. திரும்பிப் பார்த்தான். அவனுக்கு யாரும் தெரியவில்லை. இந்த ஜென்மத்தில் தெரியப்போவதுமில்லை.

"எங்க கூடத்தான்" என்றான். "மூணு குடுங்க."

சொல்லிவிட்டு எழுந்து, சீட்டுக்கு வழிவிட்டு நின்றான்.

நிலா ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் திருப்பாமலேயே, தினமும் செய்து பழகியவள் போல, புடவையை ஒதுக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.